பூட்டிய பெட்டியும் திறந்த பலகையும்

(மேல்பட்டாம்பாக்கத்தில் மாணவர் கணிப்பொறி மன்றத்தார் முன் ஆற்றப்பெற்ற உரை)

 

கருவியைக் கையாள்வது வேறு. கருவியைச் செய்வது வேறு. இன்று தமிழனின் சட்டைப் பையிலேயே கணிப்பொறி இருக்கின்றது. ஆனால், அதன் உள்ளமைப்பைக் காட்டும் வரைபடம் அவன் கையில் இல்லை. பழுதுற்றால் எறிகின்றான், வேறொன்று வாங்குகின்றான். பூட்டிய பெட்டி வாங்குவோனை வளர்க்குமேயன்றி, ஆக்குவோனை வளர்க்குமோ?

இதற்கு மாற்றாக எழுந்ததே திறந்தமூல வன்பொருள். 2003இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பயின்ற கொலம்பிய மாணவர் எர்னாண்டோ பர்ராகன் ‘வயரிங்’ என்னும் பலகையை வடிவமைத்தார். அவ்வடித்தளத்தின்மேல் 2005இல் எழுந்தது ‘ஆர்டுயினோ’. அதன் மின்சுற்று வரைபடம் எவர்க்கும் திறந்தது. பார்க்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், செய்து விற்கவும் செய்யலாம். ஒரு மாணவரின் ஆய்வே உலகெங்கும் பரவிய கருவிக்கு வித்தாயிற்று என்பதை மாணவர் மறத்தலாகாது.

2010இல் வெளிவந்த ‘ஊனோ’ பலகையில் 14 எண்முறை முனைகளும் 6 ஒப்புமுறை உள்வாயில்களும் உண்டு. விளிம்பிலுள்ள துளை வரிசையில் வேறு பலகையை அழுத்திச் செருகலாம், ஈயப்பற்று வேண்டா. ஒரு கூறு பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றினால் போதும்.

இதனால் இவ்வூர்க்கு என்ன பயன் எனலாம். 2024 திசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழையை அடுத்துச் சாத்தனூர் அணையினின்று திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணைக் கரையூர்களை வருத்திற்று. நீர் ஏறுவதை அளந்தறியும் கலை இப்பகுதி மாணவர்க்கு விளையாட்டன்று. ஏரி மதகின்மேல் ஒலியுணரி ஒன்றைக் கீழ்நோக்கிப் பொருத்துக. அது செவிக்கெட்டா ஒலியை அனுப்பி, நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். நூற்றில் ஒரு நொடியில் அது திரும்பினால், சென்று மீண்ட தொலைவு 3.43 மீட்டர், அதிற் பாதி, ஏறத்தாழ 1.7 மீட்டர் ஆழத்தில் நீர் நிற்கின்றது. நேரம் குறையக் குறைய நீர் ஏறுகின்றது என்பது பொருள். எளிய உணரி 4 மீட்டர் வரையே அளக்கும். மழையில் நனைதலும் ஆகாது. அரசின் எச்சரிக்கைக்கு இது மாற்றுமன்று. ஆயினும் இயற்பியலும் கணக்கும் நிரலும் ஒருங்கே கைவரும் பயிற்சி இது.

இந்திய மண்ணிலும் இம்முயற்சி உண்டு. புதுத்தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் 2004இல் தொடங்கிய ‘பீனிக்சு’ திட்டத்தின்வழி, ‘எக்சுபைசு’ என்னும் சிறு ஆய்வுப்பெட்டியை ஆக்கியளித்தது. அலைகாட்டியும் அலையியற்றியும் ஒருங்கமைந்த அப்பெட்டியின் வரைபடமும் திறந்ததே.

எனினும் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். ஆர்டுயினோவின் பலகை திறந்தது. ‘ஊனோ’வில் அமர்ந்த சில்லோ பூட்டியது. அப்பூட்டையும் திறக்க முனைந்தது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். காமகோடி அவர்களின் தலைமையில் உருவான ‘சக்தி’ செயலியின் வடிவமைப்பு திறந்தமூலமானது. 2018இல் அது சில்லாக இயங்கிற்று. அவ்வகையில் ஒன்று சண்டிகரிலேயே வார்க்கப்பெற்றது.

இன்னும் ஒரு பூட்டு எஞ்சியுள்ளது. அது மொழிப்பூட்டு. கருவித்தொகுதிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. உணரி, மின்தடையம், நிரல் எனத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? முத்து அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ நிரல்மொழி, தமிழ்ச் சொற்களாலேயே கணிப்பொறிக்குக் கட்டளையிடலாம் என மெய்ப்பித்துள்ளது. திறந்த கையேட்டை மொழிபெயர்க்க உரிமத்திலேயே இசைவு உண்டு. உரிமை இருந்தும் செய்யாதிருத்தல் யார் குற்றம்?

ஆதலின், மாணவர்களே! மன்றத்திற்கு ஒரு பலகை வாங்குக. அதனை இயக்குமுன் அதன் வரைபடத்தைக் கையால் வரைந்து கற்க. செய்த ஒவ்வொன்றையும் தமிழில் எழுதுக. எழுதியதைப் பிறர்க்குத் திறந்து வைக்க. வாங்கும் கை ஆக்கும் கையாகுக!