முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படித் தூங்குறது?

மூணு மாசமா ஏன் எபிசோட் வரலன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எனக்கு முதுகுல ஆபரேஷன். எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி, இடது காலுக்குப் போற நரம்பை அழுத்திக்கிட்டு இருந்தது. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாச்சு. கால்ல வலு குறைய ஆரம்பிச்சதும், இனி காத்திருக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நரம்பை அழுத்துற அந்த டிஸ்க் துண்டை மட்டும் எடுக்குற ஆபரேஷன். பேரு மைக்ரோடிஸ்கெக்டமி.

ஆபரேஷனுக்கு முன்னாடி யூட்யூப்ல நாற்பது வீடியோ பார்த்திருப்பேன். எப்ப நடக்கலாம், எப்ப வேலைக்குப் போகலாம், எப்ப பைக் ஓட்டலாம்னு எல்லாத்தையும் டாக்டர்கிட்ட கேட்டேன். ராத்திரி எப்படிப் படுக்கணும்னு மட்டும் கேக்கல. வீட்டுக்கு வந்து லைட்டை அணைச்சப்புறம்தான் அது உறைச்சது. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுற ஆள். ஸ்க்ரூ, ராடு வச்சு எலும்பைச் சேர்க்குற ஃபியூஷன், கழுத்து ஆபரேஷன் இதுக்கெல்லாம் விதிமுறை வேற மாதிரி இருக்கும். உங்க சர்ஜன் என்ன சொல்றாங்களோ அதைத்தான் செய்யணும்.

முதல் மூணு நாளும் எனக்கு ஒரே கேள்விதான்: மல்லாந்து படுக்கிறதா, ஒருக்களிச்சுப் படுக்கிறதா? அப்புறம் ஒரு ஆராய்ச்சி கண்ணுல பட்டது. 1999ல ஜெர்மனியைச் சேர்ந்த வில்கேங்கிற ஆராய்ச்சியாளரோட குழு வெளியிட்டது. ஒரு தன்னார்வலரோட எல்4-எல்5 டிஸ்குக்குள்ளயே சென்சார் வச்சு அளந்திருக்காங்க. எனக்குப் பிரச்சனை வந்த அதே டிஸ்க்! மல்லாந்து படுத்தா அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல். ஒருக்களிச்சுப் படுத்தா 0.12. சாதாரணமா நின்னா 0.5. ஆனா படுக்கையில புரளும்போது ஒரு நொடி 0.7, 0.8 வரைக்கும் ஏறுது. நிக்கிறதை விட அதிகம்! அவர் ஆரோக்கியமான மனுஷர், ஒரே ஒருத்தர்தான். இருந்தாலும் எனக்கு விஷயம் புரிஞ்சது. எந்தப் பக்கம் படுக்கிறோங்கிறது பெரிய விஷயமில்ல. ஒரு நிலையில இருந்து இன்னொரு நிலைக்கு எப்படி மாறுறோம், அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

இது எனக்குப் புரிஞ்சது நாலாவது நாள் ராத்திரி நடந்த ஒரு சம்பவத்துக்கு அப்புறம்தான். மணி ரெண்டரை. பாத்ரூம் போகணும். ஊர்ல இருந்து வந்த அம்மா, கட்டிலுக்குக் கீழே பாய் விரிச்சுப் படுத்திருந்தாங்க. பகல் முழுக்க ஓடியாடின உடம்பு, எழுப்ப மனசு வரல. எப்படி எழுந்திருக்கணும்னு பிசியோ சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அதையும் மறந்துட்டு, பழைய பழக்கத்துல நேரா நிமிர்ந்து எழுந்தேன். இடுப்புல இருந்து கால் வரைக்கும் மின்னல் வெட்டின மாதிரி ஒரு வலி. கத்திட்டேன். டிஸ்க் மறுபடியும் பிதுங்கிடுச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சு அழுதுட்டேன். காலையில டாக்டர் பார்த்துட்டு ஒண்ணும் ஆகலன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

அம்மா திட்டல. "நான் என்ன தூங்குறதுக்காடா இங்க வந்தேன்? நீ கூப்பிடுவேன்னுதானே வந்தேன்"னு மட்டும் கேட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே அப்பா பூஜை ரூம்ல இருந்த மணியைக் கொண்டு வந்து என் தலகாணி பக்கத்துல வச்சுட்டார். அடுத்த ரெண்டு வாரம் எங்க வீட்ல நடுராத்திரியில பூஜை மணி அடிச்சது.

சரி, பிசியோ சொல்லிக் கொடுத்த முறை இதுதான். இதை லாக் ரோல்னு சொல்வாங்க, மரக்கட்டையை உருட்டுற மாதிரி. மல்லாந்து படுத்திருந்தா முதல்ல ரெண்டு முழங்காலையும் ஒவ்வொண்ணா மடக்குங்க. அப்புறம் தோள், இடுப்பு, முழங்கால் மூணும் ஒரே நேரத்துல பக்கவாட்டுல திரும்பணும். தோள் முன்னாடி போய் இடுப்பு பின்னாடி வந்தா முதுகு முறுக்கிக்கும். திரும்பினதும் காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கிட்டே, முழங்கையையும் கையையும் ஊன்றி உடம்பை மேலே தள்ளுங்க. படுக்கும்போது இதையே தலைகீழா செய்யணும்.

அடுத்தது தலகாணி. மல்லாந்து படுத்தா முழங்காலுக்கு அடியில ஒண்ணு. ஒருக்களிச்சா ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒண்ணு, அப்பதான் மேல் கால் சரிஞ்சு இடுப்பை இழுக்காது. குப்புறப் படுக்கிறதை எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

பெரியம்மா போன் பண்ணி, "தரையில பாய் போட்டுப் படு, முதுகுக்கு நல்லது"ன்னாங்க. படுக்கிறது சரி பெரியம்மா, எழுந்திருக்கிறது? தரையில இருந்து எழ முழுசா குனியணும். உட்கார்ந்தா ரெண்டு பாதமும் தரையில பதியிற உயரத்துல கட்டில் இருந்தா போதும். தண்ணி, மாத்திரை, போன் எல்லாம் நீங்க எந்தப் பக்கம் எழுவீங்களோ அந்தப் பக்கம், கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும். தலைக்குப் பின்னாடி கிடக்குற சார்ஜரை எடுக்கத் திரும்புறதும் முறுக்குறதுதான். பாத்ரூம் வழியில ஒரு சின்ன நைட் லேம்ப் போட்டுடுங்க. மிதியடியை எடுத்துடுங்க.

வலி மாத்திரையை டாக்டர் எழுதின நேரத்துக்குப் போடுங்க. வலி உச்சத்துக்குப் போற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. சில வலி மாத்திரைக்கு மலச்சிக்கல் வரும், முக்கினா முதுகுல தெரியும். கூச்சப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

காலையில முதுகு விறைப்பா இருந்தா பயந்துடாதீங்க. ராத்திரி டிஸ்க் தண்ணியை உறிஞ்சி உப்பும். அதே ஆராய்ச்சியில, ஏழு மணி நேரம் படுத்ததுல அழுத்தம் 0.1ல இருந்து 0.24க்கு ஏறியிருக்கு. அதனால எழுந்தவுடனே குனியாதீங்க, கொஞ்சம் நடங்க.

பயப்பட வேண்டிய விஷயங்கள் வேற. தொடைக்கு நடுவுல மரத்துப் போறது, சிறுநீர் போக முடியாம இருக்கிறது இல்ல கட்டுப்பாடு போறது, கால்ல புதுசா பலவீனம், காய்ச்சல், தையல்ல நீர் கசியறது, கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது, திடீர்னு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நம்மள்ல பாதிப்பேர் தனியா ரூம் எடுத்து, யாரையும் தொந்தரவு பண்ணாம வாழப் பழகினவங்க. ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா, முதல் ரெண்டு வாரம் ராத்திரி கூட யார் படுப்பாங்கன்னு இப்பவே பேசி வைங்க. அம்மாவோ ரூம்மேட்டோ, யாரா இருந்தாலும் சரி. அப்புறம் கூச்சப்படாம அவங்களை எழுப்புங்க.

எங்க வீட்டு மணி மறுபடியும் பூஜை ரூமுக்குப் போயிடுச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.