கோட்டையிலிருந்து எட்டயபுரத்துக்கு

பட்டம் பெறும் பிள்ளைகளே,

மிஷனரி போப் ஐயர் பள்ளி நடத்திய சாயர்புரத்தில், ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்த என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவாலயத்து அசனப் பண்டிகைக்கு வந்த பேண்டு செட்டில்தான் கிளாரினெட்டை முதலில் பார்த்தேன். பட்டாளத்தில் சேர்ந்ததும் பச்மடிக்கு அனுப்பினார்கள். சாத்பூரா மலைமேல், 1950-இல் ஜெனரல் கரியப்பா தொடங்கிய ராணுவ இசைப் பள்ளி அது. முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டி ஊதினோம். உதடு வெடித்து ரீடில் ரத்தம் படியும்; துடைத்துவிட்டு மறுபடி ஊதுவோம். போர் வந்தால் பேண்டுக்காரன் வாத்தியத்தை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். அதற்கும் பழகினோம். பின்னாளில் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பயிற்சி முடித்த பிள்ளைகள் கடைசி அடி எடுத்துவைக்க வாசித்திருக்கிறேன். உங்களைப் பார்க்கும்போது அந்த முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

பச்மடியில் ஒரு நாள், பழைய பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தை நோட்டேஷன் பார்த்து வாசிக்கச் சொன்னார்கள். பாதியிலேயே என் விரல் நின்றுவிட்டது. எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்த ‘சந்ததம் பாஹிமாம்’ அல்லவா இது!

லீவில் ஊருக்கு வந்ததும் டீச்சர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவர் சொல்லித்தான் தெரிந்தது. கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலம். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாசிக்கும். அந்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவற்றை நோட்டு ஸ்வரம் என்பார்கள். ஏறக்குறைய 40 கிடைத்திருக்கின்றன. தம்பி பாலுசுவாமி வயலினையே கற்று, கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அவர் நம் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானும் ஆனார். தம்பி இருந்த ஊருக்கு வந்த தீட்சிதர் 1835-இல் அங்கேயே காலமானார். சமாதி இன்றும் இருக்கிறது. பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்.

அடுத்தவன் மெட்டு என்று தீட்சிதர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கனடாவில் பிறந்த போப் ஐயரும் அப்படித்தான் தமிழைக் கேட்டார். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் தந்தார். பட்டம் வாங்கிய கையோடு காதை மூடிக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்காது.

பேச்சு போதும். கிளாரினெட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த ராஜ வாழ்த்து மெட்டை முதலில் கோட்டையில் வாசித்தபடி, அப்புறம் தீட்சிதர் பாடியபடி. ஒரு நிமிஷம், ரீடை நனைத்துக்கொள்கிறேன்.