ஸ்டியரிங் தண்டும் மனித உயிரும்



மோட்டார் வண்டியில் ஏறி அமர்ந்து ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்புகின்றன. கைக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே என்ன நிகழ்கிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் அடியிலிருந்து ஒரு தண்டு புறப்பட்டு, வண்டியின் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. நமது கை தரும் முறுக்கத்தைக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தத் தண்டுதான். பழைய பிக்கப் வண்டி ஒன்றில் அதைச் சில அங்குலம் குறைக்க நேர்ந்தால், எதை அறிந்துகொண்டு எப்படிக் குறைக்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"இரும்புத் தண்டைக் குறைப்பதற்கு ஒரு பேச்சா? ரம்பத்தை எடுத்து அறுத்துவிட்டால் போயிற்று!" என்று உங்களில் ஒருவர் நகைக்கலாம். அறுப்பது பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்தத் தண்டின் மேல்முனை ஒரு மனிதனுடைய நெஞ்சுக்கு நேர் எதிரே நிற்கிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முதலில் வண்டியை அறிமுகம் செய்துகொள்வோம். முன்னால் ஓட்டுபவர் அமரும் அறை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி, இதுவே பிக்கப். 1925ஆம் ஆண்டில் போர்டு கம்பெனி தன் புகழ்பெற்ற 'மாடல் டி' வண்டியில் இத்தகைய தொட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அமெரிக்க உழவர்களுக்கு அது கைகொடுத்தது. வாரநாளில் தானிய மூட்டை சுமந்த வண்டி, விடுமுறை நாளில் குடும்பத்தை நகருக்கு அழைத்துச் சென்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1947இல் செவர்லே கம்பெனியும், 1948இல் போர்டு கம்பெனியும் புதிய வடிவில் பிக்கப் வண்டிகளை வெளியிட்டன. உருண்டு திரண்ட முகமும் அகன்ற மூக்கும் கொண்ட அந்த வண்டிகளை, இன்றும் அமெரிக்காவில் பலர் தேடிப் பிடித்து வாங்கி, துருவைச் சுரண்டி, புதுப்பித்து ஓட்டி மகிழ்கிறார்கள்.

1951ஆம் ஆண்டுச் செவர்லே பிக்கப் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின். முன்னால் குறுக்கே கிடக்கும் ஒரே கனமான இரும்பு அச்சு. ஸ்டியரிங் சக்கரம் மிகப் பெரியது. ஏன்? கையின் பலத்துக்குத் துணைசெய்யும் பவர் ஸ்டியரிங் அந்த வண்டியில் இல்லை. நெம்புகோல் நீளமானால் குறைந்த விசையே போதும் என்று நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். சக்கரத்தின் ஆரமே இங்கு நெம்புகோலின் நீளம். ஆகவே சக்கரம் பெரிதாயிற்று. அதிலிருந்து கீழே உள்ள ஸ்டியரிங் பெட்டிவரை ஒரே நேர்க்கோட்டில் வளையாத எஃகுத் தண்டு ஒன்று செல்கிறது.

இந்தத் தண்டை ஏன் குறைக்க வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பழைய முன்அச்சை எடுத்துவிட்டு, இக்காலத்து முன்சக்கர அமைப்பைப் பலர் பொருத்துகிறார்கள். புதிய எஞ்சினும் வைக்கிறார்கள். அப்போது ஸ்டியரிங் பெட்டியின் இடம் மாறிவிடுகிறது. பழைய தண்டு எஞ்சினிலோ புகைக்குழாயிலோ முட்டுகிறது. இரண்டாவது காரணம் ஓட்டுபவருடைய உடல். 1949 முதல் செவர்லே பிக்கப்பின் பெட்ரோல் தொட்டி அறைக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னே நின்றது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ள இடமில்லை. சற்றுப் பருத்த உடலினர் அமர்ந்தால் ஸ்டியரிங் சக்கரம் வயிற்றை உரசும். இருக்கை பின்னே போகாவிட்டால், சக்கரந்தானே முன்னே போக வேண்டும்? அதற்காகவும் தண்டைக் குறைக்கிறார்கள்.

இனி, ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். வண்டி மணிக்கு 30 மைல் வேகத்தில் ஒரு சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிடும், அதனுள் இருக்கும் மனிதன் நிற்பதில்லை. நியூட்டனின் முதல் விதி அவனையும் விட்டுவைப்பதில்லை. அவன் அதே வேகத்தில் முன்னே பாய்கிறான். அந்த வேகம் எவ்வளவு கொடியது? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 30 அடி உயரத்திலிருந்து விழும் ஒருவன் தரையைத் தொடும்போது அடைகின்ற வேகமும் ஏறக்குறைய இதுவேதான். மாடியிலிருந்து விழுபவனைத் தரை ஏற்கிறது. இவனையோ, நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தண்டு ஏற்கிறது. போதாக்குறைக்கு, வண்டியின் முகம் நசுங்கும்போது ஸ்டியரிங் பெட்டி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. வளையாத தண்டும் அதனோடு சேர்ந்து பின்னே வருகிறது. மனிதன் முன்னே போகிறான்; தண்டு அவனை நோக்கி வருகிறது. ஈட்டியின்மேல் தானே சென்று பாய்வது போன்ற நிலை அது.

இப்படி மாண்டவர் பலர். நெடுங்காலம் இதை 'ஓட்டுபவரின் தவறு' என்றே உலகம் கருதிவந்தது. விபத்தைத் தவிர்ப்பது ஓட்டுபவரின் கடமை. ஆனால் விபத்து நேர்ந்துவிட்டபின் உயிரைக் காப்பது வண்டியின் கடமை என்ற எண்ணம் மெல்ல மெல்லத்தான் வேரூன்றியது. 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் அமெரிக்க மக்களைத் தட்டி எழுப்பியது. 1966இல் வண்டிகளின் பாதுகாப்புக்கென அங்கே ஒரு சட்டம் பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, 1967ஆம் ஆண்டு மாடல் கார்களில், மோதினால் மடங்கும் ஸ்டியரிங் தண்டைப் பொருத்தியது. 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் கார்கள் யாவற்றுக்கும் ஒரு விதி ஏற்பட்டது: மணிக்கு 30 மைல் வேகத்தில் தடுப்புச் சுவரில் மோதும்போது, ஸ்டியரிங் தண்டு 5 அங்குலத்துக்கு மேல் பின்னால் வருதல் ஆகாது. பின்னர் சிறிய சரக்கு வண்டிகளுக்கும் அது விரிந்தது. இத்தகைய தண்டுகளால் நேர் மோதலில் ஓட்டுபவர் இறக்கும் அபாயம் ஏறக்குறைய 12 விழுக்காடு குறைந்தது என்று, 1981இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு கண்டது.

மடங்கும் தண்டு எப்படி வேலை செய்கிறது? அதற்கு வெளிக்குழல் ஒன்று, உள்தண்டு ஒன்று என இரண்டு பகுதிகள். தொடக்க காலத்து வெளிக்குழலின் ஒரு பகுதி வலைபோல் துளைகள் வெட்டப்பட்டது. நெஞ்சு மோதினால் அந்த வலைப்பகுதி ஆர்மோனியத்தின் துருத்திபோல் மடிந்து, மோதலின் ஆற்றலைத் தானே உண்டுவிடும். உள்தண்டோ இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்றினுள் மற்றொன்று நுழைந்திருக்கும். சிறு பிளாஸ்டிக் ஆணிகள் அவற்றைப் பிணைத்திருக்கும். மோதும்போது அந்த ஆணிகள் முறிய, ஒரு துண்டு மற்றதனுள் நழுவிச் செல்லும். ஆகவே நல்ல ஸ்டியரிங் தண்டுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். முறுக்கினால் அது நழுவக் கூடாது. குத்தினால் அது நிமிர்ந்து நிற்கக் கூடாது. தண்டைக் குறைப்பவர் இந்த இரண்டில் எதையும் கெடுத்துவிடாமல் குறைக்க வேண்டும். இதுவே இந்த வேலையின் உயிர்நாடி.

இப்போது பட்டறைக்குள் செல்வோம். பழைய பிக்கப்புக்கு, 1967க்குப் பின் வந்த காரின் மடங்கும் தண்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அது நீளமாக இருக்கிறது. முதல் வேலை என்ன? அறுப்பதன்று, அமர்வது. இருக்கையை அதன் நிலையான இடத்தில் பூட்டி, ஓட்டப்போகும் மனிதரே அதில் அமர வேண்டும். தண்டைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடித்து, சக்கரத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். முழங்கால் இடிக்கிறதா? கிளச்சை மிதிக்கும் கால் தடையின்றி அசைகிறதா? நெஞ்சுக்கும் சக்கரத்துக்கும் எத்தனை இடைவெளி? காற்றுப்பை உள்ள இக்காலத்துக் கார்களில் 10 அங்குலமாவது இருக்கட்டும் என்பார்கள். காற்றுப்பை இல்லாத வண்டியிலும் அந்த அளவை மனத்தில் கொள்வது நன்று. இவையெல்லாம் தீர்ந்தபின்தான் அளவுகோலும் சுண்ணக்கட்டியும்.

அடுத்த கேள்வி, எந்த இடத்தில் அறுப்பது? வலைப்பகுதியையும், ஒன்றினுள் ஒன்று நுழையும் பகுதியையும் தொடவே கூடாது. மேல்முனையில் சக்கரம் அமரும் வரிப்பற்களும் மரையும் உள்ளன. அவற்றையும் தொடக் கூடாது. எஞ்சுவது கீழ்முனை. வெளிக்குழல், கியர் மாற்றும் குழல், உள்தண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துக் கீழ்ப்பக்கத்தில் குறைக்க வேண்டும். பிரிக்கும்போது வராத தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பது சிலருடைய வழக்கம். அந்த ஓர் அடியில் பிளாஸ்டிக் ஆணிகள் முறிந்துவிடலாம். வெளியே பார்த்தால் தண்டு முழுமையாகத்தான் தெரியும். உள்ளேயோ அதன் குணம் கெட்டிருக்கும்.

குறைத்தபின் உள்தண்டின் கீழ்முனை வெறும் உருளையாக நிற்கும். மூட்டு அதைப் பற்றிக்கொள்ள வேண்டுமே! ஆகவே கடைசல் பட்டறையில் கொடுத்து, அந்த முனையில் புதிய வரிப்பற்களோ இரண்டு தட்டையான பக்கங்களோ அமைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு துண்டுகளை முனைக்கு முனை வைத்துப் பற்றவைத்து நீளத்தைச் சரிசெய்வது பெரும்பிழை. பளபளக்கும் பற்றவைப்பின் அடியில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும். மலைப்பாதை வளைவில் சக்கரம் கையோடு சுழலும், வண்டி மட்டும் திரும்பாது. அறுபட்ட வெளிக்குழலின் வாயில் புதிய பேரிங் ஒன்று வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உள்தண்டு நடுவில் நில்லாது ஆடும்.

தண்டு குறைந்துவிட்டது. ஸ்டியரிங் பெட்டி கீழே வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க இடைத்தண்டு ஒன்றும், அதன் இரு முனைகளிலும் யூனிவர்சல் மூட்டுகளும் வேண்டும். வளைந்த கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் இந்த மூட்டைக் கார்டன் மூட்டு என்றும், ஹூக் மூட்டு என்றும் அழைப்பார்கள். கார்டானோ 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர். ஹூக் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர்.

இந்த மூட்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஒரு முனையை நீங்கள் ஒரே சீராகச் சுழற்றினாலும், மறுமுனை ஒரே சீராகச் சுழல்வதில்லை. ஒரு சுற்றில் இருமுறை அது முந்துகிறது, இருமுறை பிந்துகிறது. கோணம் 10 பாகையானால் இந்த வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான், கைக்குத் தெரியாது. 30 பாகையானால், மறுமுனையின் வேகம் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை ஏறி இறங்கும். சக்கரம் ஓரிடத்தில் இலேசாகவும் வேறோர் இடத்தில் கனமாகவும் திரும்பும். இதற்கு மருந்தும் மூட்டிலேயே உள்ளது. இரண்டு மூட்டுகளின் கோணங்களையும் சமமாக வைத்து, மூன்று தண்டுகளும் ஒரே தளத்தில் அமையும்போது இடைத்தண்டின் இரு கவைகளும் ஒரே திசையில் இருக்குமாறு பொருத்தினால், முதல் மூட்டு செய்த குற்றத்தை இரண்டாம் மூட்டு அப்படியே திருத்திவிடும். இன்னோர் ஆதாயமும் உண்டு. இடைத்தண்டு கோணமாக நிற்பதால், மோதலின்போது கீழிருந்து வரும் குத்து நேரே நெஞ்சை நோக்கி ஏறுவதில்லை. மூட்டுகள் மடிய வழி இருக்கிறது. மூன்று மூட்டுகள் தேவைப்பட்டாலோ, இடையே அடிச்சட்டத்தோடு பிணைத்த தாங்கு பேரிங் ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தண்டுகள் சாட்டைபோல் துள்ளும்.

இறுதியில் சோதனை. மூட்டுகளைப் பிடிக்கும் திருகுகள் தண்டின் மேற்பரப்பில் வெறுமனே அழுந்தி நின்றால் போதாது; அவற்றுக்குக் குழி போட்டு, திருகை அதில் அமர்த்தி, பூட்டு நட்டால் இறுக்க வேண்டும். பிறகு முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கும் உரசக் கூடாது. எங்கும் சிக்கக் கூடாது. புகைக்குழாயின் வெப்பம் மூட்டைத் தீண்டக் கூடாது. இவ்வளவும் செய்தபின், அனுபவமுள்ள வேறொருவர் கண்ணாலும் அதைப் பார்க்கச் செய்ய வேண்டும். தன் வேலையில் உள்ள குறை தன் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. தோளையும் இடுப்பையும் அணைக்கும் பாதுகாப்புப் பட்டையையும் மறக்கக் கூடாது. அந்தப் பழைய வண்டி பிறந்தபோது அது அதில் இல்லை.

நண்பர்களே, உங்களில் பலர் நாளை எஞ்சினியர் ஆகலாம். சிலர் பட்டறை வைக்கலாம். பலர் வண்டி ஓட்டுவீர்கள். ஒரு பொருளை வெட்டவோ மாற்றவோ கை நீளும்போது, 'இது ஏன் இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது?' என்று ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். வலைபோல் துளைத்த ஒரு குழலைப் பார்த்து, 'பலமில்லாத குழல். தகடு வைத்து மூடிப் பற்றவைத்துவிடுவோம்' என்று நினைக்கும் மனிதனும் கெடுதல் எண்ணுபவன் அல்லன். வண்டியைப் பலப்படுத்துவதாகவே அவன் நம்புகிறான். ஆனால் அந்தத் துளைகள் யாருக்காக வெட்டப்பட்டன என்பதை அவன் கேட்கவில்லை. அவனுக்காகவே வெட்டப்பட்டவை அவை.