கொச்சியில் ஒரு நாள்



நம்ம கூட்டமைப்பு மூலமா கொச்சிக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. வழிகாட்டித் தம்பி முதல்ல கடலோரத்துல சீன வலையைக் காட்டினார். மறுமுனையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நாலஞ்சு பேர் சேர்ந்து ஏத்தி இறக்குறாங்க. 1524-ல் வாஸ்கோடகாமாவைப் புதைத்த தேவாலயம், மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டின யூதர் ஜெபக்கூடம் எல்லாம் பார்த்தோம்.

என் மனசுல நின்னது தோபிக்கானாதான். டச்சுக்காரர் காலத்துல பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து போன வண்ணார் குடும்பங்களோட வாரிசுகள் அங்கே வேலை செய்யுறாங்க. நம்மகிட்ட தமிழ்லயே பேசுறாங்க. கிளிப்பே கிடையாது, முறுக்கின கயித்துக்குள்ள துணியைச் செருகிக் காயப்போடுறாங்க. துவைக்கிற தொட்டி ஆளுக்கொண்ணு. காயப்போடுற மைதானம் எல்லாருக்கும் பொது. நிர்வாகம் அவங்க சங்கமே பார்த்துக்குது.

நம்ம ஊர்ல மசாலாப்பொடி போடுறவங்க தனித்தனியா இடம் பிடிச்சு ஆளாளுக்கு வாடகை கட்டுறோம். லாபத்துல பாதி அதுலயே போயிடுது. பொதுவா ஒரு கூடம் இருந்தா, கடனும் சீக்கிரம் அடையும். அடுத்த கூட்டத்துல இதைத் தீர்மானமா எடுக்கணும்னு கேட்டுக்கிறேன்.