மறைத்தல் வேண்டா, கற்பித்தல் வேண்டும்

(நமது சங்கத்தின் புதுவைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் கூடுமிடத்தில் கல்வியையும் கலியாணத்தையும் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவ்விரண்டையும் தொட்டு நிற்பது. அது யாதெனின், சிறார்க்கு வரும் நீரிழிவும், அதனை ஆளக் கற்பிக்கும் கோடை முகாமுமே.

நீரிழிவு முதியோர் நோய் என்பது பலர் எண்ணம். சிறார்க்குப் பெரும்பாலும் வருவது வேறு வகை. தேகத்தைக் காக்க வேண்டிய சக்தியே வழிதவறி, கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இது மிட்டாய் தின்றதால் வந்ததன்று, பெற்றோர் பாவத்தால் வந்ததன்று, ஒட்டுவதுமன்று. முன்னாளில் இந்நோயுற்ற குழந்தை சில ஆண்டுகளில் மெலிந்து மடியும். 1921-இல் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் இன்ஸுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் ஊசிவழிச் செலுத்தப்பட்டது. அன்று முதல் இந்நோய் மரண ஓலையாக இருந்தது நீங்கி, வாழ்நாள் முழுதும் கைக்கொள்ளும் நியமமாயிற்று.

நியமத்தைக் கற்பிப்பார் வேண்டுமன்றோ? அதற்காகவே 1925-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் டாக்டர் வெண்ட் என்பார் இத்தகைய சிறார்க்கு முகாம் தொடங்கினார். இன்று நம் தேசத்திலும் சென்னை முதலிய நகரங்களில் மருத்துவர்கள் முகாம்கள் நடத்துகின்றனர்.

நிற்க. நம் உறவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுவோம். முத்தியால்பேட்டையில் பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு இந்நோய் கண்டது. நாளை வரன் பேசுங்கால் தடையாகுமென்று வீட்டார் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாமும் அறிந்தே வாய்மூடியிருந்தோம். ஒரு கலியாண வீட்டில், பலர் பார்ப்பார்களே என்று அஞ்சி, இரண்டு நாள் ஊசியைத் தள்ளிப்போட்டாள். தாகமும் வாந்தியும் மேல்மூச்சும் கண்டு, நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். உயிர் பிழைத்தாள். ஆயினும் அவளை அவ்வாறு வீழ்த்தியது நோய் மட்டுமன்று. நம்முடைய மௌனமும் ஆகும்.

முகாமில் நடப்பது என்ன? காலையில் ஒவ்வொரு குழந்தையும் விரல்நுனி இரத்தத்தைத் தானே சோதிக்கிறது. இலையிலுள்ள இட்டலி எத்தனை, அதற்கு இன்ஸுலின் எவ்வளவு என்று கணக்கிடுகிறது. விளையாட்டு சர்க்கரையைக் குறைக்குமாதலால், முன்னதாகச் சிற்றுண்டி கொள்ளவும் அறிகிறது. கை நடுங்கி வியர்த்துச் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் 15 கிராம் சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடங் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும் என்பது அங்கே பாடம். நம் ஊர் வெயிலில் இன்ஸுலின் கெடாதிருக்க, குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஈர மட்பாண்டம் உதவும் என்பதும் அத்தகையதே. இவை யாவினும் பெரிது ஒன்றுண்டு. தன்னைப்போலவே ஊசி போட்டுக்கொள்ளும் இருபது குழந்தைகளை அங்கே ஒரு குழந்தை காண்கிறது. தனிமை அகலுகிறது, வெட்கம் ஒழிகிறது.

புதுவைக்கு மருத்துவக் கல்வி புதிதன்று. 1823-இல் பிரெஞ்சுக்காரர் இங்கே மருத்துவப் பள்ளி நிறுவினர். அதன் வழிவந்த ஜிப்மர் இன்று நம் ஊரின் பெருமை. மருத்துவர் இல்லாத குறை நமக்கில்லை. மனம் இல்லாத குறையே உண்டு.

ஆகவே மூன்று காரியங்களை விண்ணப்பிக்கிறோம். முதலாவது, வருங் கோடை விடுமுறையில் ஐந்து நாள் நம் சங்க மண்டபத்தை வாடகையின்றி முகாமுக்கு அளித்தல் வேண்டும். மருத்துவரும் தாதியரும் உடனிருந்தே அது நடைபெற வேண்டும். நம் குலத்தார் பிள்ளை, பிறர் பிள்ளை என்னும் பேதம் அதிற் கூடாது. இரண்டாவது, கலியாண விருந்துகளிற் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை, வறிய குழந்தைகளின் இன்ஸுலினுக்கும் சோதனைத் தாள்களுக்கும் ஒதுக்குதல் வேண்டும். மூன்றாவது, வரன் பேசுங்கால் இந்நோயை மறைப்பதும், இதன்பொருட்டே வெறுப்பதும் ஆகிய இரண்டும் ஒழிதல் வேண்டும். பெற்றோரில் ஒருவர்க்கு இந்நோய் இருப்பினும் பிள்ளைக்கு வருவது நூற்றுக்குப் பத்தினும் குறைவே.

அப்பெண் இன்று பள்ளிக்குச் செல்கிறாள். பந்தியில் அமருமுன் எவர் பார்த்தாலும் கூசாது ஊசி போட்டுக்கொள்கிறாள். அவள் பெற்ற துணிவைச் சங்கமும் பெறுவதாக!