மாலைதீவுக் கடலுக்குப் போகிறவர்களுக்கு

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், வெள்ளவத்தையில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் அறுவர் சென்ற மார்ச் மாதம் மாலைதீவுக்குப் போய், ஏழு இரவுகள் ஒரு படகிலேயே தங்கிச் சுழியோடி வந்த கதை எப்படியோ சங்கம் முழுவதும் பரவிவிட்டது. அன்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. "எவ்வளவு முடிந்தது? நீச்சல் தெரிய வேண்டுமா? இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இந்த மேடையிலேயே சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் பணித்தார். போக நினைப்பவர்களுக்கு உதவக்கூடிய விடயங்களை மட்டும் சொல்கிறோம். நாங்கள் விட்ட பிழை ஒன்றும் அதில் உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்வதாக எங்களுக்குள் தீர்மானித்துத்தான் வந்திருக்கிறோம்.

எங்களில் இருவர் கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். இருவர் வெள்ளவத்தை. புகையிரதப் பாதையைத் தாண்டினால் கடல். மற்ற இருவரும் இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். இவ்வளவு காலம் கடலோடு வாழ்ந்தும், முழங்காலுக்கு மேலே கடல் தண்ணீர் பட்டவர் எங்களில் எவரும் இல்லை. "கடலில் இறங்கினால் கறுத்துப் போவாய்" என்று சொல்லி வளர்த்த வீடுகள். ஆகவே முதலாவது கேள்விக்குப் பதில்: ஆம், நீச்சல் தெரிய வேண்டும். சுழியோடும் சான்றிதழ் பெறுவதற்கு 200 மீற்றர் நீந்தவும், பத்து நிமிடம் தண்ணீரில் மிதந்து நிற்கவும் வேண்டும். வேகமாக நீந்தத் தேவையில்லை. நாங்கள் ஆறு மாதம் முன்னரே நீச்சல் தடாகத்தில் தொடங்கினோம். ஜனவரியில், கல்கிசைப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில், கொழும்பில் உள்ள நால்வரும் பயிற்சியின் நான்கு கடல் இறக்கங்களையும் முடித்தோம். வெளிநாட்டில் இருந்த இருவரும் அங்கேயே படித்துவிட்டு வந்தார்கள். படகில் ஏறிய பிறகு படிக்கலாம் என்று எண்ணாதீர்கள். முதற் சான்றிதழோடு 18 மீற்றர் வரை இறங்கலாம். மாலைதீவுச் சட்டப்படி பொழுதுபோக்குக்காகச் சுழியோடும் எவரும் 30 மீற்றருக்குக் கீழே போகக்கூடாது.

இனிப் பயண ஒழுங்குகள். கொழும்பிலிருந்து மாலே ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலப் பறப்பு. அங்கே கடிகாரம் எங்களைவிட அரை மணித்தியாலம் பிந்தியது. விசா, போய் இறங்கியதும் 30 நாட்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலங்களுக்குள் இணையத்தில் பயணிகள் படிவத்தை நிரப்பிவிடுங்கள். மதுபானம், பன்றி இறைச்சி, வழிபாட்டுக்குரிய சிலைகள் எதையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. கைப்பையில் எப்போதும் ஒரு சிறிய பிள்ளையாரோ மாதாவோ வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். அவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. குளிசைகளை வைத்தியரின் துண்டோடு கொண்டு போங்கள். படகுக் கட்டணத்தில் வரிகள், சுழியோடும் கருவிகளின் வாடகை, விமான நிலையத்திலிருந்து ஏற்றிச் செல்லும் செலவு எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாதாரண பயணக் காப்புறுதி போதும் என்று நினைக்க வேண்டாம். பல காப்புறுதிகள் சுழியோடலை விலக்கியோ, ஆழத்துக்கு எல்லை வைத்தோ எழுதப்பட்டவை. சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசியுங்கள். ஆழ்கடலில் ஏற்படும் வருத்தத்துக்கு அழுத்த அறைச் சிகிச்சை தேவை. அந்த அறை எல்லாத் தீவுகளிலும் இல்லை. சுமார் 1,200 தீவுகள் சிதறிக் கிடக்கும் நாட்டில், இரவில் நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இலேசான வேலையல்ல.

பெட்டி வேண்டாம். மடித்து வைக்கக்கூடிய துணிப்பை கொண்டு போங்கள். படகு அறையில் பெட்டி வைக்க இடமிராது. உடலோடு ஒட்டிய நீண்ட கைச் சட்டை, வெயிலுக்கும் உதவும், நம் கூச்சத்துக்கும் உதவும். மக்கள் வாழும் தீவுகளில் கால் வைக்கும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். நகைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தாலிக்கொடியைப் பற்றி எங்களுக்குள் ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது. கருவிக் குழாய்களில் சிக்கும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஆனாலும் ஒருத்தி முடியாது என்றாள். கடைசியில் கொடியை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைக் கட்டி, சட்டைக்கு உள்ளே விட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கும் நிம்மதி, பயிற்றுநருக்கும் நிம்மதி.

படகில் கீழ்த்தட்டு அறையில் ஆட்டம் குறைவு, இயந்திரச் சத்தம் கூட. மேல்தட்டில் காற்று நல்லது, ஆட்டம் கூட. கடல் ஒத்துவராதவர்கள், தூக்கம் வராத குளிசை எதுவென்று வைத்தியரிடம் முன்னரே கேட்டு வையுங்கள். காலையில் துருவிய தேங்காயும் மீனும் வெங்காயமும் பிசைந்த மாஸ் ஹுனியும் ரொட்டியும் தருவார்கள். மாசிச் சம்பல் தின்று வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. சைவக்காரர் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். நடுக்கடலில் கடை இல்லை. பெரிய படகோடு கூடவே, சிலிண்டர்களும் காற்று நிரப்பும் இயந்திரமும் ஏற்றிய சிறிய படகொன்று வரும். அதைத் தோனி என்கிறார்கள். நமக்குத் தோணி. அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு அரைப் பயம் போய்விட்டது.

தண்ணீருக்குள் விதிகள் மிகச் சில. மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். 10 மீற்றர் ஆழத்தில் நிரப்பிய காற்று மேற்பரப்புக்கு வரும்போது இருமடங்காக விரியும். அடக்கிய மூச்சு நுரையீரலைக் கிழித்துவிடும். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் வாருங்கள். 5 மீற்றரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். தீவுகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களில் நீரோட்டம் வேகமானது. ஊதினால் நிமிரும் செம்மஞ்சள் மிதவைக் குழாயும் விசிலும் இல்லாமல் இறங்காதீர்கள். பவளத்தைத் தொடாதீர்கள். 1998இல் கடல் சூடேறி அந்தத் தீவுகளின் பவளப் பாறைகள் பெருமளவில் வெளிறி இறந்தன. இன்று காண்பது அதற்குப் பின் மெல்ல மெல்ல வளர்ந்தது. சிப்பியோ பவளத் துண்டோ பையில் போட்டுக்கொண்டு வருவது குற்றமும்கூட.

இன்னொரு விதி, தனியே இறங்கக்கூடாது. எப்போதும் இருவர். மன்னாரில் முத்துக் குளித்த காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குபவனின் கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருப்பார். அதற்கு மைத்துனனையே வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கை தாலி அறக் கூடாதே என்று அவன் கவனமாக இருப்பானாம். இன்று கயிறு இல்லை. பக்கத்தில் நீந்தும் இணைதான் கயிறு.

எங்கள் பிழையை இங்கே சொல்ல வேண்டும். சுழியோடுவதற்கு முன் உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இருதயம், இரத்த அழுத்தம், காது, வலிப்பு, நீரிழிவு எல்லாம் கேட்பார்கள். ஏதாவதொன்றுக்கு ஆம் என்றால் வைத்தியர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அந்தப் படிவத்தை நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில், தேநீரும் றோல்ஸுமாக, சிரித்துக்கொண்டே நிரப்பினோம். இல்லை, இல்லை, இல்லை என்று எல்லோரும் கோடு போட்டோம்.

மூன்றாம் நாள், 12 மீற்றரில், எங்களில் ஒருத்திக்கு மூச்சு முட்டியது. கண்ணாடிக்குள் அவள் கண்களை நாங்கள் பார்த்தோம். அவள் இணை கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயிற்றுநர் மறுபக்கம் பிடித்தார். மேலே பாய்ந்துவிடாமல் மெல்ல மெல்லக் கொண்டுவந்து, தோணியில் ஏற்றி ஒட்சிசன் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் தேறினாள். மூச்சு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "எனக்குத் தொய்வு இருக்கிறது."

இதை எங்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏழாம் வகுப்பிலிருந்து அவள் வலைப்பந்தாட்டத்துக்கு வராமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் அவள் இல்லை என்று கோடு போட்டபோது அதைப் பார்த்தவர்கள் நாங்கள். அவள் வராமல் போய்விடுவாளே என்று பேசாமல் இருந்தோம். அவள் மறைத்தாள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆறு பேரும் சேர்ந்து மறைத்தோம். அவள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். இதோ, முன்வரிசையில் இருக்கிறாள்.

நம் பெண்களுக்கு வருத்தத்தைச் சொல்லாமல் சமாளிப்பது பழகிப்போன ஒன்று. வீட்டில் அது நடக்கும். கரையிலிருந்து பல மணித்தியால தூரத்தில் நடக்காது. அதனால் படிவத்தைத் தனியே உட்கார்ந்து, உண்மையாக நிரப்புங்கள். வைத்தியர் வேண்டாம் என்றால் இறங்காதீர்கள். அப்படியானவர்கள் படகுக்கு வரவே கூடாது என்பதில்லை. எங்கள் தோழி மீதி நாட்களில் முகக் கண்ணாடியோடும் சுவாசக் குழலோடும் மேலே மிதந்தாள். எங்கள் தலைகளுக்கு மேலாகச் சென்ற ஆமையை முதலில் கண்டவள் அவள்தான். பா தீவுக்கூட்டத்தில் ஹனிபாரு என்ற விரிகுடா உண்டு. ஆண்டின் நடுப்பகுதி தொடங்கி மந்தைத் திருக்கைகள் அங்கே கூட்டமாக வரும். அங்கே சிலிண்டரோடு இறங்க எவருக்கும் அனுமதி இல்லை. மிதந்துதான் பார்க்கலாம்.

வருத்தத்தைப் போலவே பயத்தையும் சொல்லுங்கள். அன்று இரவு எங்களில் இன்னொருத்தி கீழ்த்தட்டு அறையில் படுக்கமாட்டேன் என்றாள். டீசல் மணம் தாங்க முடியவில்லையாம். 1983 ஆடியில், பதினைந்து வயதில், கொழும்புத் துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறைக்கு அகதியாகச் சரக்குக் கப்பலில் போனவள். பின்னர் திரும்பி வந்து எங்களோடு அதே வகுப்பில் இருந்தவள். அந்தக் கப்பலைப் பற்றி அதுவரை நாங்கள் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. பாயை எடுத்துக்கொண்டு எல்லோரும் மேல்தட்டுக்குப் போனோம். அன்று அவள் சொன்னாள், நாங்கள் கேட்டோம். மறுநாள் காலை முதலில் தண்ணீரில் குதித்தவள் அவள்தான்.

கடைசியாக ஒன்று. பல நாட்கள் சுழியோடியவர்கள் கடைசி இறக்கத்துக்குப் பின் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏறக்கூடாது. 24 என்று வைத்துக்கொண்டால் மனத்துக்கு நிம்மதி. உடம்பில் சேர்ந்த நைதரசன் வெளியேற அவகாசம் வேண்டும். அந்த ஒரு நாளை மாலே நகரைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மாசி வாங்குங்கள்.

வருகிற மார்ச்சில் மறுபடி போகிறோம். சேர விரும்புகிறவர்கள் தேநீருக்குப் பின் பெயர் தரலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் தருவோம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்புங்கள். உங்களுக்குத் தொய்வு இருப்பது எங்களுக்குத் தெரிந்தால், இம்முறை நாங்களே கேட்போம்.