திரிந்த நிலத்தைத் திருத்துவோம்!

(தூத்துக்குடி உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பாலை என்பது தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது கொள்ளும் வடிவமே பாலை என்பது இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் காட்டிய உண்மை. நிலம் கெடும், கெட்ட நிலத்துக்கும் முன்பு ஒரு நல்வடிவம் இருந்தது. இவ்விரண்டையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். நிலம் பாலையாவதைத் தடுக்க உலக நாடுகள் உடன்படிக்கை கண்டதோ 1994-இல்தான்!

மருதம் திரிந்தால் என்னவாகும் என்பதை அறிய நாம் வேறெங்கும் செல்ல வேண்டா. பொருநையின் கடைமடைக்குச் சென்றாலே போதும்.

கொற்கையை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968-69-இல் அங்கு அகழ்ந்தெடுத்த கரித்துண்டின் காலம் ஏறத்தாழ கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாய் விளங்கிய அவ்வூர், இன்று கடலைவிட்டு நெடுந்தொலைவு விலகி, வயல்களின் நடுவே சிற்றூராய்க் கிடக்கின்றது. பொருநை கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்தது. அவ்வண்டலே நன்செயையும் ஆக்கிற்று. கலம் நின்ற இடத்தில் கதிர் நின்றது!

அவ்வண்டல் இன்று எங்கே? பொருநையின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியான திருவைகுண்டத்தில் அது தேங்கிக் கிடந்தது. நீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் நின்றது. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குச் சென்ற பின்னரே 2015-இல் தூர்வாரும் பணி தொடங்கிற்று. வயலுக்கு உரமாக வேண்டிய மண் அணைக்குச் சுமையாயிற்று. அதே அணைக்கட்டிலிருந்து ஆலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டு வந்தது. வாய்க்கால் வறண்டால் உழவன் என் செய்வான்? ஆழ்துளைக் கிணறு தோண்டுவான். கடலோரத்தில் நன்னீரை அளவின்றி இறைத்தால், அது விட்ட இடத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகும். கிணறு கரிக்கும். அந்நீரைப் பாய்ச்சப் பாய்ச்ச மண்ணில் உப்பேறும். நெல் போகும். வாழையும் போகும். இறுதியில் சீமைக்கருவேல் ஒன்றே நிற்கும். தரகன் வந்து "இது வீண்நிலம்" என்பான். வீண்நிலம் அன்று, வீணாக்கப்பட்ட நிலம்!

ஆகவே, எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்னும் வரையறை வேண்டும். அதனை நிலத்தின் இயல்பே சொல்லும். கோவிற்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மழையை நம்பிய மண். அதற்குக் கம்பும் உளுந்தும் பருத்தியும் உரியன. பொருநைக் கரை நெல்லுக்கும் வாழைக்கும் உரியது. கடலோர உவர்நிலம் உப்பளத்துக்கு உரியது. இந்தியாவில் உப்பு விளைவில் குசராத்தை அடுத்து நிற்பது நம் தமிழ்நாடு, அதிலும் தலைமை தூத்துக்குடிக்கே. உப்பளம் தீதன்று, நன்செயின் வரப்பருகே உப்பளமும் இறால் பண்ணையும் வருவதே தீது.

குதிரைமொழித் தேரியின் செம்மணலைக் காணுங்கள். தென்மேற்குக் காற்று அம்மணலை வாரிக் கொண்டு நகரும். பனையும் பிற மரமும் வேரூன்றிய இடத்தில் மணல் நின்றது. பெய்த மழையை உறிஞ்சி அடியில் தேக்குவதும் அம்மணலே. அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிலின் சுனையைக் கண்டோர் இதனை அறிவர். பனையை வெட்டிச் செங்கற் சூளைக்கு அனுப்புகின்றவன், தன் பக்கத்து ஊரின் கிணற்றையும் சேர்த்தே எரிக்கின்றான்.

2023 திசம்பர் 17, 18 நாள்களை மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டிற்று. நம் மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் மழையினும் அது மிகுதி! குளங்கள் உடைந்தன; வயல்கள் மணல்மேடாயின. அத்தகைய மழையைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் குளத்துக்குள் மண்ணையும், ஓடைக்குள் கட்டடத்தையும் வைத்தது மழையா? நாம்தாமே!

எனவே மூன்று செயல்களைக் கேட்கின்றோம். ஊர்தோறும் மண்ணும் கிணற்று நீரும் ஆய்ந்து, நன்செய், புன்செய், தேரி, உவர், நீர்வழி எனப் பிரித்த வரைபடம் ஊரவையில் வைக்கப்படல் வேண்டும். அது தமிழில் இருத்தல் வேண்டும். அணையிலும் குளத்திலும் எடுக்கும் வண்டல் உழவனின் வயலுக்கே முதலில் சேர்தல் வேண்டும். உப்பேறிய நிலத்தில் வடிகால் வெட்டி, நன்னீரால் உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ அரசு கைகொடுத்தல் வேண்டும். களர்மண்ணாயின் சிப்சமும் இடல் வேண்டும். இவை சில ஆண்டுகள் பொறுமையாய்ச் செய்ய வேண்டியவை. ஆனால் செய்யக் கூடியவை.

அரசைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் நிலத்தை விற்றவர் யார்? நம் குளத்தைத் தூர்த்தவர் யார்? அயலார் மட்டுமா?

இக்கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. இன்றைய இளைஞர்க்கு முத்து ஒரு கதை. நாளைய இளைஞர்க்கு நெல்வயலும் கதையாகலாமா? திரிந்தது நிலம் மட்டுமன்று, நம் நினைவுந்தான். இரண்டையும் திருத்துவோம்.